லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர்

சந்திரமதியின் பிக்கப் வண்டிக்குப் பதிமூன்று வயது. பத்தாவது வருடம் வண்டியைச் சாலையில் ஓட்டும் உரிமம் முடிந்தபோது எல்லாரும் வண்டியைக் கழித்துவிடச் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. இன்னும் ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்துக்கொண்டாள்.

ஆங் மோ கியோ தொழிற்பேட்டையில் அவள் இட்லி மாவு அரைத்து விற்கும் சின்ன ஆலை இருக்கிறது. விடியற்காலை நாலரைக்கு மாவு வாளிகளை ஏற்றிக்கொண்டு கிளம்புவாள். முதலில் செங்காங்கில் மூன்று கடைகள், அப்புறம் தேக்கா, பஃப்ளோ ரோடு, டன்லப் ஸ்திரீட் என்று லிட்டில் இந்தியாவின் சாப்பாட்டுக் கடைகள். வாரத்தில் இரண்டு நாள் ஜூரோங்கில் ஊழியர் விடுதிகளுக்குச் சமைக்கும் ஒரு கேட்டரிங் கூடம். பன்னிரண்டு மணிக்குள் வாளிகள் காலியாகிவிடும். டிரைவர் வைத்துக்கொள்ளவில்லை. ஐம்பத்திரண்டு வயதிலும் அவளேதான் ஓட்டினாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

வண்டியைப் பற்றியும் பெருமைதான். லிட்டருக்குப் பதினொரு கிலோமீட்டர் ஓடும். டேங்க்கை நிரப்பும்போதெல்லாம் ஓடிய தூரத்தை லிட்டரால் வகுத்துப் பார்த்துவிட்டு, மீட்டரைப் பூஜ்யத்துக்குத் திருப்பி வைப்பது அவள் வழக்கம். வேறு யாருக்கும் அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டாள். பார்த்து, தலையாட்டிவிட்டுக் கிளம்பிவிடுவாள்.

மார்ச் மாதம் அது ஒன்பதரை ஆனது. மழைக்காலம், நெரிசல் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். மே மாதக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, டீசல் குழாயைக் கையில் பிடித்தபடி கைப்பேசியில் வகுத்துப் பார்த்தபோது எட்டு வந்தது. தப்பாகத் தட்டிவிட்டோம் என்று மறுபடி வகுத்தாள். மறுபடியும் எட்டுதான்.

அன்று சாப்பிடும்போது கணவர் ரமணனிடம் சொன்னாள்.

"எட்டு கிலோமீட்டர்தாங்க வருது. மூணு மாசம் முன்னாடி பதினொண்ணு."

ரமணன் மின்தூக்கி பழுதுபார்க்கும் நிறுவனத்தில் டெக்னீஷியன். ஸ்குரூ, கம்பி, மோட்டார் என்று எது பேச்சில் வந்தாலும் அரை மணி நேரம் விளக்கம் சொல்லக்கூடியவர். அன்று தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "பழைய வண்டி லா. அப்படித்தான் இருக்கும்," என்றார்.

"நீங்க ஒரு தடவை பாருங்களேன்."

"பாக்கலாம், பாக்கலாம்."

கைகழுவ எழுந்து போய்விட்டார். சந்திரமதி அதை வண்டியோடு சேர்த்துப் பார்க்கவில்லை. இரண்டு மாதமாக அவர் எதற்குமே அதிகம் பேசுவதில்லை. அதன் காரணம் தனக்குத் தெரியும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மகள் தாரணிக்கு ஆகஸ்டில் கல்யாணம். மாப்பிள்ளை வெய் ஜியே, அவளோடு பாலிடெக்னிக்கில் படித்த சீனப் பையன். ஏப்ரல் தொடக்கத்தில் இரண்டு குடும்பமும் ஓர் உணவகத்தில் சந்தித்துச் சாப்பிட்டன. பையனின் அப்பா லிம், ஜூரோங் கப்பல் பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். அவர் எழுந்து நின்று, இரண்டு கையையும் கூப்பி, "வணக்கம் சம்பந்தி. நல்லா சாப்பிடுங்க. ரொம்ப சந்தோஷம்," என்று தமிழில் சொன்னார். பட்டறையில் கூட வேலை செய்த தமிழர்களிடம் கற்றுக்கொண்டதாம். மேசையில் எல்லாரும் கைதட்டினார்கள். ரமணன் எழுந்தார், வாயைத் திறந்தார், "தேங்க் யூ, தேங்க் யூ" என்று இரண்டு முறை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை.

"அப்பாவுக்கு இந்தக் கல்யாணம் புடிக்கலையாம்மா?" என்று தாரணி அன்று இரவே கேட்டாள்.

"அப்படில்லாம் இல்ல. களைப்பா இருக்காரு," என்றாள் சந்திரமதி. தான் சொன்னதை அவளே முழுசாக நம்பவில்லை. ஆனால் அவரிடம் நேராகக் கேட்கவும் பயம். ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

வண்டி விஷயம் அதைவிடச் சுலபம். அதைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் மாவு கொடுத்து முடித்ததும் சாகுல் ஹமீதின் பட்டறைக்குப் போனாள். ஹமீதும் அவளும் தொடக்கப்பள்ளியில் ஒரே வகுப்பு. அவளுடைய ஆலையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, நான்கு வண்டிகள் நிற்கக்கூடிய பட்டறை அவருடையது.

"இன்ஜினைப் பிரிக்கணுமா, ஹமீது?"

"உடனே பிரிக்கச் சொல்றவன்கிட்டே போகாதே. மொதல்ல காசில்லாம பாக்குறதையெல்லாம் பாப்போம்." அவர் வண்டியைச் சுற்றி வந்தார். பின்பக்கம் எட்டிப் பார்த்தார். "இது என்ன?"

மாவு வாளிகள் வைக்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு பழைய கிரைண்டர் கல் கிடந்தது. உடைந்த கல். தூக்கிப் போட ஆள் கிடைக்காமல் ஜனவரியிலிருந்து வண்டியிலேயே ஊர் சுற்றிக்கொண்டிருந்தது.

"அம்பது, அறுபது கிலோ இருக்கும் போல," என்றார் ஹமீது. "தினமும் இதுக்கு லிட்டில் இந்தியா சுத்திக் காட்டுறியா?"

சக்கரங்களில் காற்று பார்த்தார். நான்கிலும் குறைவு. அவள் சரக்கு ஏற்றும் வண்டிக்குக் கார் அளவுக்குத்தான் காற்று வைத்திருந்தாள். காற்று வடிகட்டியை எடுத்துத் தட்டினார். கறுப்பாகத் தூசி கொட்டியது. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். "இதெல்லாம் கொஞ்சம் கொஞ்சம்தான் திங்கும். பெருசா ஒண்ணு இருக்கணும். நாளைக்கு ஜூரோங் போற நாள்தானே? போய்ச் சேர்ந்ததும் நாலு சக்கரத்துக்கிட்டேயும் கையைக் கொண்டுபோய்ப் பாரு. தொட்டுடாதே."

சனிக்கிழமை ஜூரோங் கேட்டரிங் கூடத்தின் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அவள் குனிந்தாள். முன் சக்கரங்கள் இரண்டும் வெதுவெதுப்பு. வலது பின் சக்கரமும் அப்படித்தான். இடது பின் சக்கரத்துக்கு அருகே கையைக் கொண்டு போகும்போதே அனல் அடித்தது. சந்தேகமாக இருந்தது. குடிதண்ணீர் பாட்டிலைத் திறந்து, தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல் விரல் நுனியால் கொஞ்சம் தெளித்தாள். ஸ்ஸ் என்று ஆவி கிளம்பியது. மாவு வாளி தூக்க வந்த சமையல்காரர் நின்று வேடிக்கை பார்த்தார்.

"என்னக்கா, வீல்ல தோசை ஊத்துறீங்களா?"

"ஊத்தலாம் போலத்தான் இருக்கு," என்றாள் அவள்.

திரும்பி வந்ததும் ஹமீது சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார். காரணம் கைப்பிரேக். அவர்கள் வீட்டின் அடுக்குமாடிக் கார்ப்பேட்டையில் நான்காவது தளத்தில், கொஞ்சம் சரிவான இடத்தில் வண்டி நிற்கும். அதனால் தினமும் கைப்பிரேக்கை முழு பலத்தோடு இழுத்து வைப்பாள். கம்பி துருப்பிடித்து, இழுத்தால் இறுகுமே தவிர விட்டால் முழுசாகத் தளர்வதில்லை. இடது பின் சக்கரம் மூன்று மாதமாகப் பிரேக் பிடித்தபடியே ஓடிக்கொண்டிருந்தது.

ஹமீது கம்பியை மாற்றினார். கிரைண்டர் கல்லை இறக்கி வைத்துக்கொண்டார். காற்று நிரப்பினார், வடிகட்டியைப் புதிதாக்கினார். "இப்ப போய்ப் பதினொண்ணு எடு," என்றார். வண்டி சாலையில் இறங்கியதுமே அவளுக்கு வித்தியாசம் தெரிந்தது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் வண்டி தன்பாட்டுக்கு ஓடியது.

ஒரு வாரம் கழித்து வகுத்துப் பார்த்தாள். ஒன்பது.

எட்டிலிருந்து ஒன்பது நல்லதுதான். ஆனால் பதினொன்று எங்கே? ஹமீது மறுபடியும் எல்லாவற்றையும் பார்த்தார். சக்கரம் நான்கும் ஒரே சூடு. புகை சுத்தம். கீழே ஒரு சொட்டு ஒழுகலில்லை.

"வண்டி சரியா இருக்கு," என்றார். "கணக்குதான் தப்பு."

"என் கணக்கு தப்பாகாது."

"அப்ப ஓடுறப்போ எவ்ளோ போகுது, நிக்கிறப்போ எவ்ளோ போகுதுன்னு தனித்தனியா பாரு."

அவள் அப்படியே செய்தாள். திங்கட்கிழமை மதியம் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் பக்கத்துப் பெட்ரோல் நிலையத்தில் டேங்க்கைக் கழுத்து வரை நிரப்பினாள். வீட்டுக்குப் போய் நிறுத்தினாள். செவ்வாய் விடியற்காலை, ஆலைக்குப் போகுமுன் அதே நிலையத்தில், அதே குழாயில் மறுபடி கழுத்து வரை நிரப்பினாள். போக வர இரண்டு கிலோமீட்டர் தூரம். கால் லிட்டர்கூடப் பிடிக்கக்கூடாது. ஒன்றரை லிட்டர் பிடித்தது.

யாரோ டீசலை உறிஞ்சுகிறார்கள் என்று அவளுக்குக் கோபம் வந்தது. அன்று மதியமும் கழுத்து வரை நிரப்பி, பூட்டுப் போட்ட டேங்க் மூடி வாங்கி மாட்டினாள். புதன்கிழமை விடியற்காலை மறுபடி ஒன்றரை லிட்டர். பூட்டு பூட்டினபடியே இருந்தது.

பட்டறையில் ஹமீது தேநீரைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

"ஒழுகல. திருடல. அப்ப ஒண்ணுதான். யாரோ சாவி போட்டு இன்ஜினை ஓட்டுறாங்க."

"மீட்டர் ரெண்டு கிலோமீட்டருக்கு மேல காட்டலையே."

"நகராம ஓட்டுறாங்க. ஏசியைப் போட்டுக்கிட்டு நின்ன எடத்துல நின்னா ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர், அதுக்கு மேலேயும் போகும். நின்னுக்கிட்டே குடிச்சா கிலோமீட்டர் எங்கேருந்து வரும்?"

சாவி வீட்டுக் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். வீட்டில் மூன்று பேர். தாரணி ஆபீஸிலிருந்து வர ஏழு மணி ஆகும். சந்திரமதி விடியற்காலை மூன்றரைக்கு எழுவதால் மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை தூங்குவாள். ரமணனுக்குக் காலை ஷிஃப்ட், மூன்று மணிக்கு வந்துவிடுவார். நாலு மணிக்கு, "கீழ ஒரு சுத்து நடந்துட்டு வரேன்," என்று போவார். ஏப்ரலிலிருந்து.

அவள் பட்டறையிலிருந்து வீட்டுக்கு வந்தாள். வழக்கம்போல் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். நாலு மணிக்குக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. எழுந்து பார்த்தாள். ஆணி காலி.

மின்தூக்கியில் இறங்கி, கார்ப்பேட்டைக்கு நடந்து, நான்காவது தளத்துக்குப் படியேறும்போது அவளுக்கு வண்டி நினைப்பே இல்லை. மனிதர் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறார் என்றால் அது என்ன மாதிரியான வருத்தம்? மகள் கல்யாணத்துக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது. இதை எப்படிப் பேசுவது? அழுகிற மனிதரைப் பார்க்க நேர்ந்தால் திரும்பி வந்துவிடலாமா என்றுகூட நினைத்தாள்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிகள் எல்லாம் ஏற்றியிருந்தன. ஓட்டுநர் இருக்கையில் ரமணன் நிமிர்ந்து உட்கார்ந்து, எதிரிலிருந்த தூணைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். ஸ்டியரிங் மேல் கைப்பேசி. அவர் ஒரு வார்த்தையைக் கத்துவார், கைப்பேசியைப் பார்ப்பார், தலையில் அடித்துக்கொள்வார், மறுபடி கத்துவார். முகம் சிவந்திருந்தது.

அவள் கண்ணாடியைத் தட்டினாள். ரமணன் இருக்கையிலிருந்து ஒரு துள்ளு துள்ளினார். அவள் மறுபக்கம் போய்க் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். உள்ளே ஏசி குளுகுளுவென்று இருந்தது.

"என்னங்க இது?"

அவர் கைப்பேசியை மறைக்கப் பார்த்தார். அப்புறம் முடியாது என்று விட்டுவிட்டார்.

"சீனம் படிக்கிறேன்."

"எதுக்கு?"

"அந்த மனுஷன் எழுந்து நின்னு எவ்ளோ அழகா சம்பந்தின்னு கூப்பிட்டாரு. நான் இந்த ஊர்ல பொறந்தவன், மதி. அம்பத்தஞ்சு வருஷம். பக்கத்து வீட்ல சீனவங்க, வேலையில சீனவங்க. எனக்கு வாயில வந்தது தேங்க் யூ. அதுவும் ரெண்டு தடவை." அவர் தூணையே பார்த்துக்கொண்டு பேசினார். "நாமளும் அவரை அவங்க பாஷையில ஒரு வார்த்தை கூப்பிட்டாத்தான் மரியாதை. அதுதான்."

"வீட்ல படிக்கக்கூடாதா?"

"கத்திச் சொன்னாத்தான் எனக்கு வருது. தாரணி கேட்டா சிரிப்பா. புளோக்குக்குக் கீழ பெஞ்சுல உக்காந்து பாத்தேன், ஒரு பாட்டியம்மா என்னைக் கண்டு பயந்து எழுந்து போய்ட்டாங்க. இங்கே கண்ணாடியை ஏத்திக்கிட்டா யாருக்கும் கேக்காது. ஏத்தினா வேகுது. அதான் ஏசி."

சந்திரமதிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. இரண்டையும் அடக்கிக்கொண்டாள்.

"நானும் தாரணியும் உங்களுக்கு இந்தக் கல்யாணம் புடிக்கலைன்னு நெனச்சுக்கிட்டு இருக்கோம்."

ரமணன் திரும்பி அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் உண்மையான அதிர்ச்சி. "எனக்கா? அந்தப் பையன் வந்தன்னைக்கு நம்ம கிச்சன் குழாயைச் சரி பண்ணிக் குடுத்தானே, அன்னைக்கே எனக்குப் புடிச்சுப் போச்சு."

"அதை வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல."

"தோணல," என்றார் அவர்.

அவள் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தாள். "ஓட விட்டுட்டு நின்னா ஃபைன் போடுவாங்க, தெரியும்ல? சரி, சொல்லுங்க பாப்போம்."

ரமணன் தொண்டையைச் செருமினார். "சிங்ஜியா."

சொல்லை முதலில் குழியில் இறக்கி ஏற்றி, கடைசியில் வெடுக்கென்று வெட்டினார். சந்திரமதி வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுடைய ஆலைக்குப் பக்கத்தில் ஒரு நூடல்ஸ் ஆலை. அங்கே வேலை செய்யும் பெண்கள் வாரம் ஒருமுறையாவது முதலாளியிடம் வந்து இதே வார்த்தையை இதே இழுப்போடு சொல்வதைப் பத்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"நீங்க அவரைச் சம்பந்தின்னு கூப்பிடல. அவர்கிட்டே லீவு கேக்குறீங்க."

"என்ன?"

"அந்த மாதிரி சொன்னா லீவு வேணும்னு அர்த்தம். மொதல் எழுத்தை மேலேருந்து கீழ போடணும். ரெண்டாவதை லேசா விட்டுடணும்." நூடல்ஸ் ஆலை முதலாளி தன் சம்பந்தியைக் கூப்பிடுவதைக் கேட்ட ஞாபகத்தில் அவள் சொல்லிக் காட்டினாள். "சிங்ஜியா."

ரமணன் கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்தார். "ரெண்டு மாசமா லீவு கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன்," என்றார். அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை. இருவரும் கண்ணாடி ஏற்றின வண்டிக்குள், வியர்த்து வழிய, பக்கத்தில் கார் எடுக்க வந்த ஒருவர் திரும்பிப் பார்க்குமளவுக்குச் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு நிற்கிற வண்டியில் பாடம் நடக்கவில்லை. ரமணன் தன் விடுமுறை நாட்களில் விடியற்காலையிலேயே எழுந்து அவளோடு வண்டியில் கிளம்பினார். செங்காங் போகும் விரைவுச்சாலையில் ஆள் நடமாட்டமில்லாத நேரத்தில் வேண்டுமட்டும் கத்தினார். சந்திரமதி சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "லீவு," என்பாள். மறுபடி சொல்வார். "அரை லீவு." மறுபடி. "ம், இது சம்பந்தி." டன்லப் ஸ்திரீட்டில் வாளிகளை இறக்கிக் கொடுக்கவும் அவர் உதவினார். நூடல்ஸ் ஆலைப் பெண்களிடம் கேட்டு அவள் இன்னொரு வாக்கியமும் எழுதி வாங்கி வந்தாள்: இனி நாம் ஒரே குடும்பம். அது நீளமாக இருந்தது. ஆனால் அதில் ஆபத்தான இழுப்பு எதுவும் இல்லை.

ஜூன் கடைசியில் வகுத்துப் பார்த்தபோது பதினொன்றுக்கு ஒரு நூல் குறைவாக வந்தது. ஹமீதிடம் போய்ச் சொன்னாள்.

"யாரு ஓட்டினாங்கன்னு கண்டுபுடிச்சியா?"

"வீட்டு ஆள்தான். சீன வகுப்பு நடத்தியிருக்காரு."

ஹமீது கிரைண்டர் கல்லை என்ன செய்வது என்று மட்டும் கேட்டார்.

தாரணியிடம் சந்திரமதி பாதி விஷயத்தைத்தான் சொன்னாள். அப்பாவுக்குக் கல்யாணத்தில் ரொம்ப சந்தோஷம், அவர் வாயாலேயே சொன்னார் என்று. மீதியைச் சொல்ல ரமணன் தடை போட்டிருந்தார்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு காலை, ஜூரோங்கில் லிம் குடும்பத்தின் வீட்டில் தேநீர்ச் சடங்கு. சிவப்பு உடையில் தாரணியும் பக்கத்தில் வெய் ஜியேயும் மண்டியிட்டுப் பெரியவர்களுக்குத் தேநீர் கொடுத்தார்கள். முறை முடிந்து எல்லாரும் எழுந்தபோது ரமணன் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு லிம் முன்னால் போய் நின்றார். 

"சிங்ஜியா," என்றார்.

மேலிருந்து கீழே, சரியாக விழுந்தது. பின்னாலேயே அந்த நீளமான வாக்கியத்தையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தார்.  லிம் அவரைப் பார்த்தார், திரும்பி மனைவியைப் பார்த்தார், அப்புறம் ரமணனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சீனத்தில் மளமளவென்று பேச ஆரம்பித்துவிட்டார். இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். ரமணன் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டிக்கொண்டே நின்றார். ஒன்றும் புரியவில்லை என்பது அவர் காதுகள் சிவந்ததிலேயே தெரிந்தது. கடைசியில், "ஸாரி லா, சம்பந்தி. நான் படிச்சது அவ்ளோதான்," என்றார் தமிழிலேயே. லிம்முக்கு அது புரிந்தது. சிரித்துக்கொண்டே அவர் தோளில் தட்டினார்.

தாரணி அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றாள். கண்மை கரையக்கூடாது என்று மேல்கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அப்பா எப்பம்மா இதைக் கத்துக்கிட்டாரு?"

"அப்புறம் சொல்றேன். இப்ப அழுதா படத்துல நல்லா இருக்காது."

மதியம் கிளம்பும்போது திருமதி லிம் ஒரு டின் நிறைய அன்னாசிப் பலகாரம் கொடுத்து அனுப்பினார். லிம் கீழ்த்தளம் வரை கூடவே வந்தார். அங்கே இரண்டு அப்பாக்களும் நின்றுகொண்டு, ஆங்கிலமும் தமிழும் கலந்து, கப்பலில் பாரந்தூக்கி எப்படி வேலை செய்கிறது, கட்டடத்தில் மின்தூக்கி எப்படி வேலை செய்கிறது என்று பேச ஆரம்பித்தார்கள். ரமணன் கையால் கயிறு இழுத்துக் காட்டினார். லிம் காற்றில் கப்பி வரைந்தார். சந்திரமதி பக்கத்திலிருந்த கல் மேசையில் டின்னை வைத்து, ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிக் காலை நீட்டிக்கொண்டாள். ஒரு பலகாரத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். நன்றாகவே இருந்தது. இன்னொன்றை எடுத்தாள்.